ஊர் கேட்ட பாட்டும் ஊர் பாடிய பாட்டும்

‘அன்னக்கிளி’க்கு ஐம்பது வயது. தமிழ்நாட்டில் ‘கிராமத்துப் பாட்டு’ என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்த பாடல்கள் அவை. அந்தப் படம் எடுக்கப்பட்ட கொங்குப் பக்கத்திலிருந்து அவற்றைத் திரும்பக் கேட்டால் என்ன தெரிகிறது?

எங்கள் சேலம் ஜில்லா எடப்பாடியில் பஸ் ஏறி, பவானி, கோபி, சத்தியமங்கலம் என்று மாறி மாறிப் பவானிசாகர் போய்ச் சேர்ந்தால், அதற்கு மேல் காட்டுப் பாதை. மாயாற்றங்கரையோடு சாலை முடிந்துவிடும். ஆற்றைப் பரிசலில் கடந்தால் தெங்குமரஹடா. கணக்குக்கு நீலகிரி மாவட்டம். ஆனால் மலை மேல் இல்லை, மலையடிவாரத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஊர். இன்றைக்குச் சுற்றிலும் புலிகள் காப்பகம், நினைத்த நேரத்தில் உள்ளே போய்விட முடியாது. ஐம்பது ஆண்டுக்கு முன்னால் தேவராஜ்–மோகன் என்ற இரட்டை இயக்குநர்கள் சிவகுமாரையும் சுஜாதாவையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார்கள். கருப்பு வெள்ளைப் படம். ஆர். செல்வராஜ் சொன்ன ஒரு மருத்துவச்சியின் கதை. திரைக்கதை, வசனம், பாடல்கள் எல்லாம் பஞ்சு அருணாசலம். 1976 மே 14 அன்று திரைக்கு வந்தது.

டைட்டிலில் இசை என்ற இடத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர்: இளையராஜா.

அந்தப் பெயரே புதுசு. பண்ணைப்புரத்து ராசையாவை, மயிலாப்பூரில் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர் ‘ராஜா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருக்கிறாரே என்று ‘இளைய’வை முன்னால் ஒட்டியவர் பஞ்சு அருணாசலம். படம் வரும்போது இளையராஜாவுக்கு 33 வயது ஆகப்போகிறது. சினிமாக் கணக்கில் அது இளம் வயதே இல்லை. 1968-ல் சென்னைக்கு வந்து, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, பல பேருடைய பாட்டுக்குக் கிதார் வாசித்து, எட்டு வருஷம் ஓட்டிய பிறகு கிடைத்த வாய்ப்பு. முதல் பாட்டை ஒலிப்பதிவு செய்ய உட்கார்ந்த நேரத்தில் கரண்ட் போனதை அவரே பல மேடைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சகுனம் பார்க்கும் தொழிலில் அதையும் தாண்டி அந்தப் பாட்டு பதிவானது.

அதற்கும் முன்னால் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அண்ணன் பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு ஏறி, ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டில் கட்சியின் சொல்லை வைத்துப் பாடியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடிய பாட்டு வெற்றிக்கு எவ்வளவு உதவியது என்பதைக் கேரளத்துக் கம்யூனிஸ்டுகள் வெகுகாலம் பேசினார்கள். பள்ளி வயதில் அந்தக் குழுவில் சேர்ந்த தம்பி, வருஷக்கணக்காக ஊர் ஊராகப் போய், திறந்தவெளியில் நின்றுகொண்டிருக்கும் கூட்டத்தை எந்த மெட்டு உட்கார வைக்கிறது, எது கலைய விடுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். எந்த இசைக் கல்லூரியிலும் இந்தப் பாடம் கிடையாது. பாவலர் 1973-ல் இறந்துபோனார். மூன்று வருஷத்தில் ‘அன்னக்கிளி’.

வண்ணக்கிளியிலிருந்து அன்னக்கிளிக்கு

‘அன்னக்கிளி’தான் சினிமாவுக்கு நாட்டுப்புறப் பாட்டைக் கொண்டுவந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். சேலத்துக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஏற்காடு ரோட்டில் இன்றும் வளைவு மட்டும் மிச்சமாக நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ், 1959-லேயே ‘வண்ணக்கிளி’ எடுத்தது. இசை கே.வி. மகாதேவன், பாட்டு மருதகாசி. அந்தப் படத்தின் ‘சித்தாடை கட்டிக்கிட்டு’ ஒலிக்காத கோயில் நோம்பி இந்த ஜில்லாவில் இருந்திருக்காது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1957-ல், ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் சிவாஜி கணேசன் கொங்குத் தமிழ் பேசினார். எழுதியவர் ஏ.பி. நாகராஜன். சங்ககிரிப் பக்கத்து அக்கமாபேட்டைக்காரர், நமக்குக் கூப்பிடு தூரம். அந்தப் படத்தின் ‘மணப்பாறை மாடு கட்டி’ இன்றைக்கும் விவசாயப் பாட்டு என்றால் முதலில் வாய்க்கு வருவது. அதுவும் மகாதேவன்–மருதகாசி கூட்டணிதான்.

அப்படியானால் 1976-ல் என்ன புதுசு?

முதலாவது, அளவு. அதுவரை ஒரு படத்தில் ஏழெட்டுப் பாட்டு இருந்தால் அதில் ஒன்று கிராமத்துப் பாட்டாக இருக்கும். மாறுதலுக்கு, அல்லது சிரிப்புக்கு. கதாநாயகனும் நாயகியும் மனசு விட்டுப் பாட வேண்டிய இடம் வந்தால் ராகமும் செந்தமிழும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘அன்னக்கிளி’யில் மொத்தப் பாட்டும் ஒரே மண்ணில் முளைத்தவை. சந்தோஷமும் அந்த மண்ணிலிருந்தே, அழுகையும் அங்கிருந்தே. தலைப்புப் பாட்டு ஒரே மெட்டில் இரண்டு முறை வருகிறது: ஜானகி குரலில் ஆசையாக, டி.எம். சௌந்தரராஜன் குரலில் இழப்பாக. சுசீலாவுக்கு ஒரு தனிமைப் பாட்டு. கல்யாண வீட்டுக்கு நெல் குத்துகிற பெண்களுக்கு ஒரு பாட்டு. அதில் கேட்கும் சத்தம் வேலை செய்கிற கூட்டத்தின் சத்தம்.

இரண்டாவது, அந்த மெட்டுகளுக்குக் கீழே ஓடுகிற இசை. நாட்டுப்புற மெட்டுக்குச் சினிமாவில் பொதுவாக ஒரு டோலக், ஒரு புல்லாங்குழல், பாடகரின் வரியைத் திருப்பி வாசிக்கும் வயலின் கூட்டம் போதும் என்றிருந்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக ஸ்வரம் எழுதிக் கையில் கொடுப்பவர். மேலே பாட்டு ஒரு வழி போகும். கீழே தந்தி வாத்தியங்கள் வேறு வழி போய், வந்து சேர வேண்டிய இடத்தில் வந்து சேரும். ‘அன்னக்கிளி’யில் இந்த வேலை அடக்கமாகத்தான் இருக்கிறது. முதல் படம், பயம் இருந்திருக்கும். அடுத்த வருஷம் ‘16 வயதினிலே’யில் அந்த அடக்கம் போய்விட்டது, அதில் ‘செந்தூரப் பூவே’ பாடியதற்காக ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது.

மூன்றாவது, வந்த நேரம். ‘ஆராதனா’வில் தொடங்கி, ‘பாபி’, ‘யாதோன் கீ பாராத்’ என்று இந்திப் பாட்டு தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. இந்தியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மாநிலத்தில் இந்திப் பாட்டு கொடிகட்டிப் பறந்ததை ஒரு வேடிக்கையாகவே அப்போது பேசினார்கள். 1976 ஜனவரி கடைசியில் மாநில ஆட்சியும் கலைக்கப்பட்டு, நெருக்கடி நிலைக்கு நடுவே ஊர் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது. அந்த வெயில் காலத்தில் வந்தது ‘மச்சானைப் பாத்தீங்களா’. இலங்கை வானொலி விடாமல் போட்டது. டீக்கடை போட்டது. பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் படத்துக்கே போனார்கள் என்று படத்தில் வேலை செய்த பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

கொழா ரேடியோவும் தறிக்கொட்டகையும்

எடப்பாடியில் இந்தப் பாட்டுகள் எந்த வழியாக வந்தன என்பதை மைக் செட் போடுகிறவர்களிடம் கேட்க வேண்டும். கோயில் நோம்பி, காது குத்து, கல்யாணம், திரட்டி (பூப்புச் சீர்), புதுமனை புகுவிழா எதுவானாலும் முதலில் வந்து மரத்தில் ஏறுவது கொழா ரேடியோ என்கிற கூம்பு ஸ்பீக்கர். கீழே ஒரு மேசை, ஆம்ப்ளிஃபயர், தட்டு சுற்றுகிற பெட்டி, பிஸ்கெட் டப்பாவில் ஊசி. இன்று மூட்டு வலியோடு வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர் அந்தக் காலத்தை இப்படிச் சொன்னார்: “ஏனுங் தம்பி, அன்னக்கிளி ப்ளேட்டு ஒரு சீசன் தாங்காதுங். கோடு தேஞ்சு, ஒரே எடத்துல நின்னு சுத்தும். ஜனம் அந்த எடத்தையும் சேத்தே பாடப் பழகிருச்சு.”

பிறகு கேசட். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெற்றுக் கேசட்டையும், வேண்டிய பாட்டுகளை எழுதின சீட்டையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அந்தச் சீட்டுகளை யாரும் சேர்த்து வைக்கவில்லை. வைத்திருந்தால் ஓர் ஊரின் ரசனைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த ஊரில் பாட்டுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பரீட்சை உண்டு. தறிக்கொட்டகை. பத்துப் பன்னிரண்டு விசைத்தறி ஒரே கூரைக்குள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரோடு கையசைத்துத்தான் பேச வேண்டும். நாடா அடிக்கும் சத்தத்துக்கு மேல் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைச் சுவரின் உச்சியில் கட்டி, வால்யூமைக் கடைசி வரை திருகி வைத்திருப்பார்கள். அந்த இரைச்சலில் தபேலா தெரியாது, அடி சுருதியில் போகிற எதுவும் தெரியாது. மேல் ஸ்தாயியில் போகும் ஜானகியின் குரலும் புல்லாங்குழலும் மட்டும் தறிச் சத்தத்தைத் துளைத்துக்கொண்டு வரும். தாளத்துக்குத் தறியே போதும். ராத்திரி ஷிஃப்டில் தூக்கத்தை விரட்ட இந்தப் பாட்டுகளை வைத்துக்கொண்ட இரண்டு தலைமுறை எடப்பாடியில் இருக்கிறது. இளையராஜாவின் தந்தி வாத்திய நுணுக்கத்தைப் பற்றி மேலே நான் எழுதியதெல்லாம் இவர்கள் காதில் ஒருநாளும் விழுந்திருக்காது. பாட்டு நின்றது மெட்டின் பலத்தில்.

யாருடைய கிராமம்?

இனி, கொண்டாட்டத்துக்கு நடுவே சொல்ல வேண்டிய ஒரு சங்கடம்.

‘அன்னக்கிளி’க்குப் பிறகு வந்த பதினைந்து வருஷத்தில் கிராமப் படம் என்பது தனியொரு வகையாகவே ஆகிவிட்டது. ‘கிழக்கே போகும் ரயில்’, ‘மண்வாசனை’, ‘முதல் மரியாதை’, ‘கரகாட்டக்காரன்’. இந்தப் பாட்டுகளின் ஊர் வைகைக் கரை. சொல், இழுவை, ‘ஏ புள்ள’ என்கிற விளிப்பு எல்லாம் தேனி, மதுரைப் பக்கத்துச் சரக்கு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்திலும் அல்லிநகரத்திலும் பிறந்தவர்கள் தங்கள் அம்மாக்கள் பாடியதைப் பாடினார்கள். வேடிக்கை என்னவென்றால், முதல் படம் எடுத்த தெங்குமரஹடா கொங்குக் காட்டோரம். ‘16 வயதினிலே’ எடுத்த இடமோ காவிரிக்கு மேலே கொள்ளேகால் பக்கம். இடம் இங்கே, வாய்மொழி அங்கே.

கொங்கு நாடு சினிமாவில் வராமல் இல்லை. கோபிப் பக்கத்து வாய்க்கால்களைக் காட்டாத கிராமப் படம் குறைவு. பாக்யராஜின் ‘முந்தானை முடிச்சு’, ஆர்.வி. உதயகுமாரின் ‘சின்னக் கவுண்டர்’ இரண்டுக்கும் இளையராஜாதான் இசை. ஆனால் திரையில் கொங்கு தெரிந்த அளவுக்குப் பாட்டில் கேட்கவில்லை என்பது என் கணிப்பு. கவுண்டமணி பேசினால் கொங்கு. கதாநாயகி பாடினால் வைகை. நம் பேச்சு சிரிப்புக்குப் போய்விட்டது, பாட்டுக்கு வரவில்லை.

நம்மிடம் பாட்டு இல்லாமல் போய்விட்டதா? கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து என்று ஒன்று உண்டு. கம்பர் பாடியதாகச் சொல்வார்கள். நாவிதர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் நின்று, கல்யாணத்தின் ஒவ்வொரு சீரையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொரு அடி முடியும்போதும் மேளம் ஒரு தட்டு. ராகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓடுகிற ஒரு நடை. அண்ணன்மார் கதை இருக்கிறது. பொன்னர் சங்கர் கதையை உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். கேட்கிறவர்களுக்கு அருள் வரும். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கேயம் பக்கத்து ஊரில் தங்கி, டேப் ரெக்கார்டரில் அதை முழுசாகப் பதிவு செய்தார். அப்புறம், முருகன்–வள்ளி கதையைப் பாடிக்கொண்டே ஆடும் வள்ளி கும்மி. எடப்பாடிக்கே உரிய இன்னொன்று: பருவதராஜகுலத்தார் தைப்பூசம் முடிந்து பழனிக்குக் காவடி கட்டி நடப்பது. டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்து, மலை மேலேயே ராத்தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த நடையில் கேட்கிற காவடிப் பாட்டு பலமாக இருக்கும். கால் வலியை மறக்கடிப்பது அதன் வேலை.

இவை பெரும்பாலும் இசைத்தட்டில் ஏறவில்லை. ஏறாததைக் கொழா ரேடியோ பாடாது. பாடாததை அடுத்த தலைமுறை பாட்டு என்றே எண்ணாது. ‘அன்னக்கிளி’ வந்த பிறகு, நெல் குத்தும் பாட்டு சினிமாவிலேயே கிடைக்கும்போது, குத்துகிறவர்கள் எதற்குப் பாட வேண்டும்? கொஞ்ச நாளில் ரைஸ் மில் குத்துவதையும் எடுத்துக்கொண்டது. பழியெல்லாம் ஓர் இசைத்தட்டின் தலையில் போட முடியாது. ஆனால் மைக் செட் ஏறிய பந்தலில் பெண்கள் பாடுவது குறைந்ததை வயதானவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்த கதையும் இல்லை. அமெரிக்காவில் டென்னசி, வர்ஜீனியா எல்லையில் பிரிஸ்டல் என்று ஒரு சின்ன ஊர். 1927 கோடையில் விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் அங்கே மெஷினோடு வந்து இறங்கி, மலை ஊர்க்காரர்களை வரச்சொல்லிப் பாட வைத்துப் பதிவு செய்தார். அந்தச் சில நாளில் முதன்முதலாகப் பதிவானவர்களில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் உண்டு. இன்று ‘கன்ட்ரி’ இசை என்று உலகம் சொல்வதன் மூல விக்கிரகங்கள் அவர்கள். அதே மலைகளில் வேறு விதமாகப் பாடியவர்களும் இருந்தார்கள். எந்தப் பாட்டு விற்றதோ அதுதான் ‘மலைப் பாட்டு’ என்று ஆனது. ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பழைய பாட்டுகளைச் சேகரித்து வந்து தன் பெயரில் பதிவு செய்துகொண்டார் என்ற விமரிசனமும் இன்று வரை உண்டு. முதல் தட்டு ஒரு வகையைப் பிரபலமாக்கும்போதே அதற்கு வேலியும் போட்டுவிடுகிறது.

வேலிக்கு வெளியே

வேலியைத் தாண்டியவர்கள் வராமல் இல்லை. 1993-ல் ‘கிழக்குச் சீமையிலே’, அடுத்த வருஷம் ‘கருத்தம்மா’ என்று ஏ.ஆர். ரகுமான் கிராமத்துப் பாட்டைத் தொட்டபோது, சத்தம் புதுசாக இருந்தாலும் ஊர் அதே வைகைப் பக்கம். 2018-ல் ‘சூப்பர் சிங்கர்’ டிவி மேடையில் செந்தில் கணேஷ், ராஜலட்சுமி தம்பதி கூத்து, கும்மிப் பாட்டுகளைப் பாடி, செந்தில் கணேஷ் பட்டத்தையும் ஜெயித்தது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. சினிமாவின் அனுமதி இல்லாமல் நாட்டுப்புறப் பாட்டு வீட்டு வரவேற்பறைக்குள் வந்த நாள் அது. 2021-ல் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் ஒப்பாரியும் ராப்பும் ஒரே மூச்சில் வந்தன. பாட்டு உலகம் சுற்றியது. பின்னால் யாருக்கு எவ்வளவு பெயர், எவ்வளவு பணம் என்ற சண்டையும் சுற்றியது. நாட்டுப்புறப் பாட்டு விற்கத் தொடங்கும் இடத்திலெல்லாம் அந்தச் சண்டை வந்து நிற்கும். பிரிஸ்டலிலும் நின்றது.

கொங்குப் பக்கத்தில் இப்போது எழுந்திருப்பது வள்ளி கும்மி. மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்திரப்பன், ஆண்கள் மட்டும் ஆடிவந்த கும்மியில் பெண்களையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தவர். 2024-ல் எண்பதைத் தாண்டிய வயதில் பத்மஸ்ரீ வாங்கினார். இன்று ஆயிரக்கணக்கில் பெண்கள் ஒரே நிறச் சேலையில் மைதானத்தில் ஆடுகிறார்கள். அரசியல் கட்சிகளும் சாதிச் சங்கங்களும் அதன் பின்னால் இருப்பது ஊரறிந்தது. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒப்புதல் இல்லாத பேச்சுகளும் கேட்கின்றன. இருந்தாலும், ஐ.டி. வேலைக்குப் போகிற ஒரு பெண் சனிக்கிழமை சாயங்காலம் கும்மி வகுப்புக்குப் போய்ப் பாட்டை மனப்பாடம் செய்கிறாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

இளையராஜா பாராளுமன்ற மேலவை வரை போய்விட்டார். 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியையும் அரங்கேற்றிவிட்டார். ‘அன்னக்கிளி’யைச் செய்த மனிதர் வைத்த கணக்கில் மிச்சம் ஒன்றும் இல்லை. மிச்சம் இருப்பது நம் கணக்கு. எடப்பாடிக்கு ஒரு முதல் இசைத்தட்டு இன்னும் வரவில்லை. வருமானால் அதில் பழனி நடைக் காவடி இருக்க வேண்டும், உடுக்கை இருக்க வேண்டும், தறிச் சத்தத்தைத் தாளமாக வைத்துப் பையன் யாராவது ஒரு பாட்டுக் கட்ட வேண்டும். முதல் பாட்டாக மங்கல வாழ்த்தைப் போடலாம், மேளம் ஒரு தட்டோடு, வேறு வாத்தியம் எதுவும் சேர்க்காமல்.

மைக் செட்டுப் பெரியவரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “நல்லாத்தானுங் இருக்கும் தம்பி. ஆனா கல்யாணத்துல அதைப் போட்டா எல்லாரும் எந்திரிச்சு நின்னு கும்பிட்டுக்குவாங்க. சாப்பாட்டுப் பந்திக்கு வேற என்ன போடறது, அதைச் சொல்லுங்க மொதல்ல.”